நீங்கள் அடிக்கும் மருந்தின் பெயர் என்ன?



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை எழுதிய கடிதம் என் மேசை மேல் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கம். தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போடப் போவதில்லை.

மருந்தடிக்கும் வேலை. பதினோரு வருடமாக முதுகில் பம்பு சுமக்கிறார். போன மாதம் ஒரு நாள் காலையில் காற்று திடீரென்று திரும்பி அடித்ததில் மருந்து முகத்தில் தெளித்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிரையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மாலையில் கண் எரிச்சல், தலைசுற்றல். இரவு மூக்கிலிருந்து ரத்தம். மறுநாள் கணவரின் மோட்டார் சைக்கிளில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், 1 வெள்ளி கட்டி, நம்பர் எடுத்து, பகல் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். இளம் டாக்டர் ஒருவர். நல்ல மாதிரிதான் பேசினாராம். "ராச்சுன் அப்பா?" என்று கேட்டிருக்கிறார். என்ன விஷம் என்று அர்த்தம்.

தங்கைக்குப் பதில் தெரியவில்லை. "புல் மருந்து" என்றிருக்கிறார். என்ன நிறம் என்று கேட்டதற்கு "நீலம் மாதிரி இருக்கும்" என்றிருக்கிறார். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காய்ச்சல் மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"என்னைச் சரியாகக் கவனிக்காத கிளினிக்கின் மேல் புகார் கொடுக்கலாமா அண்ணே?" என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி.

கொடுக்கலாம் தங்கையே. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. பதினோரு வருடமாக ஒரு பொருளை முதுகில் சுமந்து, கையில் தொட்டு, மூக்கால் மோந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அதன் பெயர் ஏன் தெரியவில்லை? இது உங்கள் குறை என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். எத்தனையோ பேருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? புட்டியை நீங்கள் கண்ணால் கண்டால்தானே! விடியுமுன் ஸ்டோரில் யாரோ ஒருவர் புட்டியைத் திறந்து, தோம்பில் ஊற்றித் தண்ணீர் கலந்து வைத்துவிடுகிறார். பெரட்டு முடிந்து நீங்கள் வரும்போது கலந்த தண்ணீர்தான் பம்புக்குள் இறங்குகிறது. எச்சரிக்கையும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நச்சின் கடுமையைக் காட்டும் நிறப்பட்டையும் புட்டியின் மேல்தான் இருக்கும். அந்தப் புட்டியோ ஸ்டோரில் பூட்டிக் கிடக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மலாய்க்காரர் அதை 'ராச்சுன்' என்கிறார். விஷத்தை விஷம் என்றே சொல்கிறார். நாம் மட்டும்தான் 'மருந்து' என்கிறோம். புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, கிளினிக்கில் கொடுப்பதும் மருந்து. யார் முதலில் இந்தப் பெயரை வைத்தார்களோ தெரியவில்லை, தோட்ட நிர்வாகத்துக்கு அவர் பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் லயத்தில் நான்காவது வீட்டில் ஒரு அக்கா இருந்தார். நான் அப்போது சிறுவன். அவரும் மருந்தடிக்கிற வேலைதான். சாப்பிடும்போது கரண்டியால் சாப்பிடுவார். லயத்தில் கரண்டியால் சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் பிள்ளைகள் நாங்கள் 'துரைசாணி' என்று கேலி செய்வோம். ஒரு நாள் கையைக் காட்டினார். நகங்கள் வெளுத்துப் போய், இரண்டு விரலில் நகமே இல்லை. குழம்பில் கை வைத்தால் எரியும் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் கேலி செய்யவில்லை.

டிரசரிடம் போனார். டிரசர் ஊதா மருந்து தடவி, இரண்டு நாள் இலகுவான வேலை கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். தம் புத்தகத்தில் என்ன எழுதினார் தெரியுமா? 'தோல் சொறி.' அவ்வளவுதான். அந்த அக்காவின் பத்து விரலும் பட்ட பாடு அந்தத் தோட்டத்துக் கணக்கில் சொறியாகப் பதிவாகிவிட்டது. பிற்காலத்தில் யாராவது வந்து "இந்தத் தோட்டத்தில் விஷத்தால் யாருக்காவது பாதிப்பு உண்டா?" என்று கேட்டிருந்தால், புத்தகத்தைப் புரட்டிவிட்டு "ஒருவரும் இல்லை" என்று நிர்வாகம் சொல்லியிருக்கும். அது பொய்யாகவும் இருந்திருக்காது!

அந்தக் காலத்தில் தோட்டங்களில் அதிகம் அடிக்கப்பட்ட புல்கொல்லிகளில் ஒன்று பாராகுவாட். 'கிராமாக்சோன்' என்றால் பெரியவர்களுக்கு உடனே நினைவு வரும். 1962இல் உலகச் சந்தைக்கு வந்தது. ரப்பர்த் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வேகமாகப் பரவியது. காலையில் அடித்தால் மறுநாளே புல் கருகிக் கிடக்கும். விலையும் மலிவு. நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அது உடம்புக்குள் போய்விட்டால் நுரையீரலைத் தாக்கும். முறிவு மருந்து கிடையாது, இன்று வரைக்கும் கிடையாது. தோலில் புண், நகம் கெட்டுப்போதல், மூக்கில் ரத்தம் ஆகியவை அதோடு பழகுகிறவர்களிடம் காணப்படும் அடையாளங்கள். நான்காவது வீட்டு அக்காவின் விரல்களை நான் புரிந்துகொண்டது வெகு காலம் கழித்து இதைப் படித்தபோதுதான்.

சுவீடன் நாடு 1983இலேயே இதைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் என்ன நடந்தது என்பதைத் தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இது வராது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயனீட்டாளர் உரிமை என்பது நம் நாட்டில் நேற்று முளைத்த சங்கதி அல்ல. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969இல் தொடங்கியது. விஷ மருந்துகளுக்கு எதிராக உலகமெங்கும் குரல் கொடுக்கும் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்பு 1982இல் பிறந்ததும் பினாங்கில்தான். இவர்களும், பெண் தொழிலாளர்களுக்காகவும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவும் பாடுபட்ட ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பும், தோட்டம் தோட்டமாகப் போய் மருந்தடிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். பேசியதோடு நிற்கவில்லை, எழுதினார்கள். தலைசுற்றல், மூச்சுத் திணறல், தோல் நோய், கண் எரிச்சல் என்று லயத்து வாசலில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் 2002இல் ஓர் ஆய்வு நூலாக வெளிவந்தது. நஞ்சூட்டி வாயடைக்கப்பட்டவர்கள் என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள்.

அதே 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நாட்டில் எந்தப் பூச்சிக்கொல்லி விற்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் பூச்சிக்கொல்லி வாரியம், பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. இந்த வாரியம் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அமைந்தது, விவசாய அமைச்சைச் சேர்ந்தது. அறிவிப்பு வந்ததும் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நானும் பட்டேன். கதை முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. தோட்டத் தொழில் தரப்பிலிருந்தும் கம்பெனிகள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. இதற்கு ஈடான மலிவான மருந்து வேறில்லை, சின்ன விவசாயிகள் பாதிக்கப்படுவார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். 2006இல் தடை தளர்த்தப்பட்டது. இன்னும் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம்! அதற்கு அடுத்த வருடம், 2007 ஜூலையில், சுவீடன் போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் பாராகுவாட்டுக்கு அங்கே கொடுத்திருந்த அனுமதியை ரத்துச் செய்தது. இங்கேயோ பெண்கள் பம்போடு நிரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டிலேயே சில பெரிய கம்பெனிகள் சட்டம் வருமுன்பே தாங்களாகவே அதைக் கைவிட்டன. அவர்களுடைய தோட்டங்களில் ஒன்றும் காடு மண்டிவிடவில்லை.

கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் பாராகுவாட் மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவில் 17 ஆண்டுக்கு மேல். 2002இல் பிறந்த பிள்ளை படிப்பை முடித்து வேலைக்கே போயிருக்கும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் 2019 மே மாதம் காலமானார். தடை அமலுக்கு வந்த நாளைப் பார்க்க அவர் இல்லை. ஐரின் அம்மையார் அதற்கும் முன்பே, 2014இல் மறைந்துவிட்டார்.

அரசாங்கம் ஒரு தடவை அறிவித்துவிட்டால் நாம் தூங்கப் போய்விடுகிறோம். கம்பெனிகள் தூங்குவதில்லை. அவர்களிடம் தலைநகரில் அலுவலகம் இருக்கிறது, எழுத ஆள் இருக்கிறது, காத்திருக்கப் பணம் இருக்கிறது. நம்மிடம் இருந்தது மருந்தடித்த பெண்களின் வாக்குமூலம் ஒன்றுதான். அந்த ஆய்வும் அதற்குப் பிறகு வந்தவையும் எழுத்தில் இருந்ததால்தான், "அப்படி ஒரு பாதிப்பே இல்லை" என்று யாராலும் கடைசி வரைக்கும் சாதிக்க முடியவில்லை. டிரசரின் புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால் நாம் அனைவரும் சொறிக்காரர்கள்தான்.

இப்போது தங்கையின் பம்பில் இருப்பது பாராகுவாட் அல்ல என்றே நம்புவோம். அதன் இடத்தில் கிளைபோசேட், குளுபோசினேட் என்று வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. இவை பாராகுவாட் அளவுக்கு உடனே உயிரைக் குடிப்பவை அல்ல. அதற்காகத் தண்ணீரும் அல்ல. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் சேர்த்தது. வேறு சில நாட்டு அரசாங்க அமைப்புகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் விவாதம் முடியும் வரைக்கும் அதை மோந்துகொண்டிருப்பது யார்?

இங்கே சட்டத்தில் உள்ள ஓர் ஓட்டையைச் சொல்ல வேண்டும். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இல் வந்தது. நல்ல சட்டம். நீங்கள் வாங்கிய மின்விசிறி ஒரு மாதத்தில் புகைந்து போனால், 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பு மன்றத்தில் வழக்குப் போடலாம். வக்கீல் தேவையில்லை. 2019 முதல் 50,000 வெள்ளி வரைக்கும் இழப்பீடு கேட்கலாம். நம் வாசகர்களில் சிலர் கடைக்காரரிடமிருந்து இப்படிப் பணத்தை மீட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் யாரைப் பயனீட்டாளர் என்கிறது? வீட்டு உபயோகத்துக்குரிய பொருளை வாங்குகிறவரையும் உபயோகிக்கிறவரையும்தான். தோட்டத்துக்கு வாங்கும் புல் மருந்து அதில் சேராது. அதை வாங்கியது கம்பெனி, முதுகில் சுமப்பதோ நீங்கள். அதே சட்டம் மருத்துவச் சேவையையும் வெளியே நிறுத்திவிட்டது. ஆக, மின்விசிறிக்கு மன்றம் உண்டு. உங்கள் முகத்தில் தெளித்த விஷத்துக்கும், அதற்கு வைத்தியம் பார்த்த கிளினிக்குக்கும் அந்த மன்றத்தில் இடமில்லை. நமக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியது நேராக அரசாங்கம்தான். அது தர்மம் அல்ல. கிளினிக்கில் 1 வெள்ளி வாங்குகிறார்கள் என்பதால் பலர் அதை இனாம் என்று நினைத்துத் தலை குனிந்து வருகிறார்கள். நீங்கள் கடையில் வாங்கும் சாமானிலும் ஓட்டும் மோட்டார் சைக்கிளிலும் வரி கட்டுகிறீர்கள். மீதியை முன்னாலேயே கட்டிவிட்டுத்தான் அங்கே போகிறீர்கள்.

அரசாங்கம் என்று பொதுவாகச் சொன்னால் பதில் வராது. கதவு எது என்று தெரிய வேண்டும். தங்கையின் விஷயத்தில் மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒரு கதவைத் தட்டினால் அடுத்த கதவைக் காட்டுவார்கள். ஆகவே மூன்றையும் ஒன்றாகத் தட்டுவது நல்லது.

விவசாய அமைச்சு, அதாவது பூச்சிக்கொல்லி வாரியம், மருந்தைப் பதிவு செய்கிற இடம். உங்கள் தோட்டத்து மருந்து பதிவானதா, கள்ளத்தனமாக வந்ததா என்று அவர்களைக் கேட்கலாம். கம்பத்துக் கடையில் யாராவது சோடாப் புட்டியில் ஊற்றிப் பழைய மருந்தை விற்றால் அதையும் இவர்களிடம்தான் சொல்ல வேண்டும். விஷத்தைச் சோடாப் புட்டியில் வீட்டுக்குக் கொண்டுவருவது எவ்வளவு ஆபத்து என்று பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறைதான் முக்கியமான கதவு. ஜே.கே.கே.பி. என்பார்கள். தங்கையின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2000இல் வந்த விதிகளின்படி, உடல்நலத்துக்குக் கேடான ரசாயனங்களைப் பயன்படுத்தும் முதலாளி அவற்றுக்கெல்லாம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தொழிலாளர்கள் பார்க்க முடிய வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்தைப் பற்றித் தொழிலாளிக்கு விளக்கமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஸ்டோர் பூட்டியிருக்கிறது, மண்டோர் ஊரில் இல்லை என்பதெல்லாம் சாக்கு. முகமூடி, கையுறை, பூட்ஸ் ஆகியவற்றுக்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கவும் கூடாது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

கொடுத்த முகமூடியைப் போட்டுக்கொள்ளும் கடமை நமக்கும் உண்டு. "வேர்க்கிறது அண்ணே, மூச்சு முட்டுகிறது" என்கிறீர்கள். தெரிகிறது. பதினொரு மணி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிரை ஏறுவது எப்படி என்று அதை வாங்கிக் கொடுக்கிறவர்கள் ஒரு நாள் போட்டுப் பார்க்கட்டும். முகமூடி போட முடியாத வெயில் என்றால் அது மருந்தடிக்கக் கூடாத நேரம் என்றுதான் அர்த்தம். அதையும் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது கதவு சுகாதார அமைச்சு. தங்கை புகார் கொடுக்க நினைத்த இடம். என் யோசனை இதுதான்: முதலில் புகாரோடு போகாமல், தகவலோடு திரும்பப் போங்கள். மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டு, அதே கிளினிக்குக்குப் போய், "அன்று முகத்தில் பட்டது இந்த ராச்சுன். என் வேலை மருந்தடிப்பது. இதை என் கார்டில் எழுதுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள். எழுதினால் போதுமா? போதாது. வேலையில் உண்டான விஷ பாதிப்பு என்று டாக்டர் முடிவு செய்தால், 7 நாளுக்குள் அவர் ஜே.கே.கே.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு விதி அப்படிச் சொல்கிறது. அது டாக்டரின் விருப்பம் அல்ல, கடமை. தெரிவித்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த இளம் டாக்டர் உங்களிடம் 'ராச்சுன் அப்பா' என்று கேட்டாரே, அதுவே நல்ல அடையாளம். பல பேர் கேட்பதில்லை. பெயர் தெரிந்தும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், அப்போது மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம். அங்கும் பதில் இல்லையென்றால் பொதுப் புகார்ப் பிரிவு இருக்கிறது. 1971இல் தொடங்கியது, எந்த அரசாங்க இலாகாவின் மேலும் புகார் வாங்கும்.

சொக்சோவை மறந்துவிட வேண்டாம். வேலையால் வந்த நோய் என்று நிரூபித்தால் அங்கே உங்களுக்குப் பாத்தியதை உண்டு. அதற்கும் அந்தக் கார்டில் உள்ள எழுத்துதான் ஆதாரம்.

புகாரை எப்படி எழுதுவது? மலாயில் எழுதுங்கள். உங்களுக்கு வராவிட்டால் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கும். மேலே 'அடுவான்' என்று போடுங்கள். அதிகம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். கோபத்தை எழுதாதீர்கள். தேதி, நேரம், எந்தத் தீம்பார், காற்று எப்படி அடித்தது, எங்கே பட்டது, எத்தனை மணிக்கு என்ன ஆனது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கடைசியில் இரண்டே கேள்வி: "நான் அடிக்கும் மருந்தின் பெயர் என்ன? என் தோட்டத்தில் அதற்கான பதிவேடு இருக்கிறதா என்று உங்கள் அதிகாரி வந்து பார்த்தாரா?" எழுத்தில் பதில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். 'சலினான்' என்று போட்டு யூனியனுக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நாடாளுமன்றத்தில் அமைச்சரிடம் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. தேர்தல் சமயத்தில் லயத்துக்கு வந்து கை குலுக்கிய கைதானே, ஒரு கேள்வி எழுதட்டும்.

நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். 'நோம்போர் ருஜுக்கான்' என்று ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். ஒரு மாதம் பொறுத்து, அந்த எண்ணைப் போட்டு மறுபடியும் எழுதுங்கள். பிறகு மறுபடியும். அந்தத் தாள்களையெல்லாம் பிள்ளைகளின் சூராட் பெரானாக் வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். செல்லாரிக்காமல் இருக்கும்.

பயமாக இருக்கிறது என்று தங்கை எழுதியிருக்கிறார். "மண்டோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும்." இது சின்ன பயம் அல்ல. தோட்டத்தில் வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கின்றன. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்ததற்காகத் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று அந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருந்து முதலாளி அதை நீக்காவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. சட்டத்தில் இருப்பதும் பெரட்டுக் களத்தில் நடப்பதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆகவே தனியாக எழுதாதீர்கள். உங்களோடு பம்பு சுமக்கும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து நிரையில் அடிக்கும் வங்காளதேசத்துத் தம்பியையும் இந்தோனேசியத் தங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஷத்துக்குப் பாஸ்போர்ட் தெரியாது. அவர்களுக்குப் பயம் நம்மைவிட அதிகம். வற்புறுத்த வேண்டாம், கேட்டுப் பாருங்கள். 40 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்தால் பாதுகாப்புக் குழு ஒன்று இருந்தாக வேண்டும். அந்தக் குழுவில் தொழிலாளர் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார், கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது என்றும் விசாரியுங்கள். சில தோட்டங்களில் அந்தக் குழு ஆபீஸ் சுவரில் தொங்கும் பலகையில் மட்டும்தான் இருக்கிறது.

பட்டணத்து வாசகர்கள் இது தோட்டத்துச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழே, பிள்ளைகள் விளையாடும் புல்வெளியில் முதுகில் பம்போடு ஒருவர் நடந்து போகிறாரே, அவரிடமும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், என்ன மருந்து என்று.

தங்கையே, நாளைக் காலையில் பெரட்டு முடிந்ததும் ஸ்டோருக்குப் போய், காலிப் புட்டியை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். கையால் தொட வேண்டாம். கைத்தொலைபேசி இருந்தால் பெயர் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால், மறுத்தவர் யார், எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். புகாரின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். முத்திரை குத்திய பிரதி கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பி வையுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். கண் எரிச்சல் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அடுத்த கடிதம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்விட்டு வாருங்கள்.